தேர்ச்சி சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தபோது

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற அன்று எங்கள் ஹெச்.எம். அறையில் போன் ஓயாது. சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) அலுவலகம், பக்கத்துப் பள்ளி, ஊர்த் தலைவர், பழைய மாணவர்கள் என்று யார் கூப்பிட்டாலும் கேட்பது ஒன்றுதான்: “எத்தனை பர்சன்ட்?” அந்த எண்ணைச் சொன்னதும் “பரவாயில்லை” என்றோ “என்னம்மா இப்படி ஆயிடுச்சு” என்றோ சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். ஒரு வருஷத்து உழைப்பும் அத்தனை பிள்ளைகளின் கதையும் அந்த ஒரே எண்ணில் முடிந்துபோகும்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். கணக்கு டீச்சர் என்பதால் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) பதிவு, தேர்ச்சிப் பகுப்பாய்வு இரண்டும் வந்த நாளிலிருந்தே என் தலையில்தான். வருஷம் தவறாமல் இந்தப் பட்டியல்களைப் போட்டுப் போட்டு, எந்தக் கட்டம் பிள்ளையைக் காட்டுகிறது, எந்தக் கட்டம் மறைக்கிறது என்று கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும், பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று யோசிக்கிற பெற்றோருக்கும் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

அலுவலகத்திலிருந்து வருகிற படிவம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தேர்வு எழுதியவர், தேர்ச்சி பெற்றவர், ஆண், பெண், பாடவாரியாக, அப்புறம் இனவாரியாக: ஓ.சி., பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி. கடைசியில் ‘தேர்ச்சி குறைவுக்கான காரணம்’ என்று ஒரு கட்டம். அதில் பெரும்பாலான பள்ளிகள் எழுதுவது ஒரே வாக்கியம்: “மெல்லக் கற்கும் மாணவர்கள், பெற்றோர் ஒத்துழைப்பு இன்மை.” ஆய்வுக் கூட்டத்தில் பல பள்ளிகளின் தாளில் இதே வரியைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பிள்ளை, எதனால் மெல்லக் கற்கிறது, எந்தப் பெற்றோர், ஏன் வர முடியவில்லை என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

முதலில் கவனிக்க வேண்டியது, தேர்ச்சி சதவீதம் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்பது. தேர்வு எழுதியவர்கள்தான் அடி எண். 2024-ல் தமிழ்நாட்டில் 8,94,264 பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி 8,18,743 பேர் தேர்ச்சி பெற்றார்கள், அதனால் 91.55 சதவீதம். ஆறாம் வகுப்பில் சேர்ந்து எட்டிலோ ஒன்பதிலோ நின்றுவிட்ட பிள்ளை இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. ஹால் டிக்கெட் வந்தும் தேர்வுக்கு வராத பிள்ளையும் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை என்று செய்தி வந்தபோது ஊரெல்லாம் அதிர்ந்தது நினைவிருக்கும். அவர்கள் 2021-ல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுதாமல் எல்லாரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்ட செட். அதில் பலர் எப்போதோ வேலைக்குப் போய்விட்டவர்கள். பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தது. பள்ளியில் இருக்கிற எங்களுக்கு அந்தச் செய்தி அதிர்ச்சியாக இல்லை.

அதனால் என் பட்டியலில் முதல் கட்டம், நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆறாம் வகுப்பில் இருந்தவர்களின் பெயர். டி.சி. வாங்கிப் போனவர்களைத் தனியாகக் குறிப்பேன். எந்தப் பள்ளிக்குப் போனார்கள் என்பது எமிஸில் தெரியும். எந்தப் பள்ளியிலும் சேராமல் ‘பொதுத் தொகுப்பில்’ கிடக்கிற பெயர்கள்தான் நாம் தேட வேண்டியவை. இந்தக் கணக்கைப் போட்டால் பள்ளியின் சதவீதம் கணிசமாக இறங்கும். அலுவலகம் அதைக் கேட்பதில்லை என்றாலும் பள்ளிக்குள் அதைப் போட்டு வைத்துக்கொள்வது அவசியம்.

பெற்றோருக்கும் இதையே சொல்வேன். ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று பேனர் வைத்திருக்கிற எந்தப் பள்ளியிலும் சேர்க்கைக்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பத்தாம் வகுப்பு செட் எட்டாம் வகுப்பில் இருந்தபோது எத்தனை பேர் இருந்தார்கள்? நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்த்து, ஒன்பதாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்களிடம் டி.சி.யை நீட்டுகிற பள்ளியின் நூறும், வாசலுக்கு வந்த எல்லாப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்கிற பள்ளியின் எண்பத்தைந்தும் ஒரே தராசில் வைக்கக் கூடியவை அல்ல. அப்படி டி.சி. கொடுக்கப்பட்டு ஒன்பதின் நடுவில் எங்களிடம் வந்து சேர்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. அவர்களையும் சேர்த்துத்தான் எங்கள் சதவீதம்.

இனி இனவாரிக் கட்டத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் எம்.பி.சி., எஸ்.சி., அப்புறம் மலையிலிருந்து இறங்கி வருகிற மலையாளி பழங்குடிப் பிள்ளைகள். படிவத்தில் பார்த்தால் எஸ்.டி. வரிசையில்தான் தேர்ச்சி குறைவாகத் தெரியும். அதைப் பார்த்ததும் ஸ்டாஃப் ரூமில் யாராவது சொல்வார்கள், “அந்தப் பிள்ளைங்க அப்படித்தான் டீச்சர், என்ன பண்ண முடியும்?” நல்ல ஆசிரியர்களே சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, களைப்பில் சொல்வது. ஆனால் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டால் அடுத்த வருஷப் பிள்ளைகளின் தலையெழுத்தையும் சேர்த்து எழுதிவிட்டோம் என்று அர்த்தம்.

நான் அந்த எஸ்.டி. வரிசையை மட்டும் எடுத்து இரண்டாகப் பிரித்தேன். விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள் ஒரு பக்கம், தினமும் மலைக் கிராமத்திலிருந்து வந்து போகிறவர்கள் ஒரு பக்கம். விடுதிப் பிள்ளைகளின் தேர்ச்சி வகுப்பில் மற்றவர்களைப் போலவே இருந்தது. வந்து போகிறவர்களில்தான் அத்தனை தோல்வியும் குவிந்து கிடந்தது. அப்புறம் வருகைப் பதிவேட்டை மாதவாரியாக எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஃபெயில் ஆனவர்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் தை மாதத்துக்கு அப்புறம் வருகை சரிந்திருந்தது. சாதிக் கட்டம் காட்டிய வித்தியாசத்தில் பெரும்பகுதி தூரமும் பருவமும்தான். தூரமும் பருவமும் நாம் கை வைக்கக் கூடிய விஷயங்கள்.

பருவம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கத்து வாழ்க்கை அப்படி. பொங்கல் முடிந்ததும் கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பங்கள் கிளம்பும். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். கழிக்காமல் திரும்ப முடியாது. பெங்களூரு கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வருஷம் முழுக்க அங்கேதான், பண்டிகைக்கு மட்டும் வருவார்கள். மலைக்காரர்கள் கேரளத்து மிளகு, காபித் தோட்டங்களுக்குப் போவதும் உண்டு. பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு பிப்ரவரி வாக்கில் வரும், பொதுத் தேர்வு மார்ச், ஏப்ரலில். பிள்ளைக்குப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டிய மாதங்களும் வீட்டில் ஆளில்லாத மாதங்களும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தேர்ச்சிக்கு எழுத்தில் 20, செய்முறையில் 15 வேண்டும். பெற்றோரோடு சூளைக்குப் போன பிள்ளை செய்முறைக்கு வராவிட்டால் அந்தப் பாடம் அப்போதே போயிற்று. அதனால் பிப்ரவரி தேதி தெரிந்த உடனே, ஊருக்குப் போகிற குடும்பங்களுக்குச் சொல்லிவிடுவது மிக முக்கியம். “பரீட்சைக்கு வந்துடுவோம் டீச்சர்” என்று அவர்கள் சொல்வது மார்ச் பரீட்சையை. செய்முறை என்று ஒன்று தனியாக இருப்பது பலருக்குத் தெரியாது.

இதையெல்லாம் பார்த்தபிறகு என் பட்டியலில் ‘வீட்டில் யார்’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அம்மா அப்பா இருவரும் இருந்தால் அ. அப்பா மட்டும் வெளியூர் என்றால் ஆ. இருவரும் வெளியூர், பாட்டி தாத்தாவோடு இருந்தால் இ. அக்கா தம்பி என்று பிள்ளைகள் மட்டுமே இருந்தால் ஈ. வகுப்பாசிரியர் ஜூன், ஜூலையில் பிள்ளைகளிடம் தனித்தனியாகப் பேசி ஒரு எழுத்தை எழுதிவிட வேண்டும். பொங்கலுக்கு அப்புறம் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் அ-வில் இருந்தவர்கள் பலர் அப்போது இ ஆகியிருப்பார்கள். இந்த ஒரு எழுத்து, மொத்த இனவாரிப் பட்டியலை விட எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது. இ-யும் ஈ-யும் எல்லா இனத்திலும் பரவியிருந்தது. ரிசல்ட்டில் நாங்கள் தடுமாறிய பெயர்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு எழுத்துக்காரர்கள்.

அப்படி ஓர் ‘இ’ வீட்டுக்கு மாசி மாதத்தில் போயிருந்தேன். பையன் ஒரு வாரமாக வரவில்லை. வீட்டு வாசலில் பாட்டி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

“வாம்மா டீச்சரு. இன்னாத்தம்மா சொல்றது, பொங்கலுக்கு வந்துட்டு அவங்க அம்மா அப்பன் பெங்களூரு போனவங்க. நா காலையில ஆடு ஓட்டினு போனா பொழுது சாஞ்சிதான் வருவேன். இவன் பள்ளிக்கூடம் போனானா, போவலையான்னு எனக்கு யாரு சொல்றாங்க?”

“ஸ்கூல்ல இருந்து போனுக்கு மெசேஜ் வருமே பாட்டி?”

“போனு அவன்கிட்ட தாம்மா இருக்குது.”

பிள்ளை வரவில்லை என்று நாங்கள் அனுப்புகிற குறுஞ்செய்தி அந்தப் பிள்ளையின் கைக்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. எமிஸில் பெற்றோர் எண் என்று பதிந்திருப்பது எல்லாம் யாருடைய கையில் இருக்கிற போன் என்று அன்றைக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தோம். சில எண்கள் உபயோகத்தில் இல்லை, சில சித்தப்பாவுடையவை, நிறைய எண்கள் பிள்ளைகளிடமே. இப்போது ஒரு நோட்டில் மூன்று எண்கள் எழுதுகிறோம்: பெற்றோர் வேலை செய்கிற இடத்தில் இருக்கிற எண், ஊரில் பக்கத்து வீட்டு எண், அந்தக் குக்கிராமத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற ஒரு அம்மாவின் எண். பெங்களூரில் இருப்பவர்களை இரவு எட்டரை ஒன்பதுக்கு மேல்தான் பிடிக்க முடியும். வேலை முடிந்து சமைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் கூப்பிட்டால் பேசுவார்கள், கேட்பார்கள், சில அப்பாக்கள் அடுத்த பஸ்ஸில் வந்தும் நிற்பார்கள். ‘பெற்றோர் ஒத்துழைப்பு இன்மை’ என்று படிவத்தில் எழுதுகிற வரியை நான் விட்டது அதிலிருந்துதான்.

அந்தப் பையன் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்றால், கேட்டரிங் வேலைக்கு. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் பரிமாற, பாத்திரம் தூக்க, பந்தல் கட்ட பையன்களைக் கூட்டிப் போவார்கள். ராத்திரி முழுக்க வேலை, கையில் சில நூறு ரூபாய், வயிறு நிறையச் சாப்பாடு. மறுநாள் வந்தாலும் வகுப்பில் தூங்குவான். காலண்டரில் முகூர்த்த நாளைக் குறித்துக்கொண்டு வருகைப் பதிவேட்டைப் பாருங்கள், பையன்கள் வரிசையில் அந்தத் தேதிகளில் ஓட்டை விழுந்திருக்கும். 2024-ல் மாநில அளவில் பெண்கள் 94.53, ஆண்கள் 88.58, ஏறத்தாழ 6 புள்ளி வித்தியாசம். 2022-லும் பெண்கள் 94.38, ஆண்கள் 85.83 என்றுதான் இருந்தது. “பொம்பளப் பிள்ளைங்க ஒழுங்கா படிக்குது, பசங்க ஊர் சுத்துறான்” என்று இதைச் சொல்லி முடித்துவிடுகிறோம். எங்கள் ஊரில் ஊர் சுற்றுகிற பையன்கள் கொஞ்சம்தான். வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். அடித்தோ திட்டியோ இதை நிறுத்த முடியாது என்பது என் அனுபவம். பங்குனி முகூர்த்தங்கள் வருகிற காலத்தில் ஊரில் ஆள் சேர்க்கிறவரிடமே நேரில் போய், பத்தாம் வகுப்புப் பையன்களைக் கூப்பிடாதீர்கள் என்று மேலாண்மைக் குழுத் தலைவியும் நானும் கேட்டோம். சட்டத்தைச் சொல்லி மிரட்டவில்லை. அவர் வீட்டுப் பெண்ணும் எங்களிடம்தான் படிக்கிறாள். கேட்டுக்கொண்டார்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் தேர்ச்சி பெற்றுவிடுவார்கள், அதனால் பட்டியலில் பிரச்சினையாகவே தெரியமாட்டார்கள். ‘ஈ’ வீட்டில் இருக்கிற பெண் விடியக்காலை தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வந்து 380 வாங்குவாள். ஜூன் மாதம் பார்த்தால் பிளஸ் ஒன்னில் பெயர் இருக்காது, கல்யாணப் பேச்சு. இதற்காக ‘பத்துக்கு அப்புறம் எங்கே’ என்று இன்னொரு கட்டம் வைத்திருக்கிறேன்: பிளஸ் ஒன், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., வேலை, கல்யாணம். கல்யாணம் என்ற கட்டத்தில் ஒரு பெயர் விழுந்தாலும் ஹெச்.எம். மேஜையில் அதைத் தனியாக வைப்போம். பேசிப் பார்ப்போம், கேட்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098. இதில் எனக்குத் தயக்கம் கிடையாது. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தபிறகு பேசுவதற்கு ஒரு பிடி கிடைத்தது என்று சொல்ல வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும் என்றால், அம்மாக்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள். பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை விட, இந்த ஆயிரம் ரூபாய்தான் எங்கள் ஊர்ப் பேச்சில் அதிகம் அடிபடுகிறது.

வாசிப்புக் கட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பு ஆரம்பத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்வேன். மற்றவர்கள் காதில் விழாத இடத்தில், மரத்தடியிலோ நூலக அறையிலோ. சரளமாக வாசிக்கிறவர், எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர், வாசிக்க வராதவர் என்று மூன்று குறி. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்காததால் வாசிக்க வராமலே ஒன்பது வரை வந்துவிட முடியும். அதற்காக ஃபெயில் போட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நிறுத்தி வைத்தால் அந்தப் பிள்ளை நேரே சூளைக்குத்தான் போகும். ஆனால் கண்டுபிடித்தாக வேண்டும். கொரோனாவில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. மூடும்போது மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை திறக்கும்போது ஐந்தாம் வகுப்பு. எழுத்து கைகூடி வருகிற வயதில் பள்ளியே இல்லை. அந்தப் பிள்ளைகள் 2026–27 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புக்கு வருகிறார்கள். உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் இந்த செட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு டீச்சருக்கு வாசிப்பு எதற்கு என்று கேட்பார்கள். “ஒரு தொடர்வண்டி சீரான வேகத்தில்” என்று தொடங்குகிற கேள்வியை வாசிக்க முடியாத பிள்ளைக்குச் சமன்பாடு எங்கிருந்து வரும்? ஒன்பதாம் வகுப்பில் முதல் பருவம் முழுக்க கணக்குப் பாட வேளையின் முதல் பத்து நிமிஷம் வாசிப்புக்குக் கொடுக்கிறேன். கேள்வியை மட்டும் வாசிப்பது, விடை வேண்டாம். தமிழாசிரியரும் நானும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறோம்.

தேர்வுக்கு நெருக்கத்தில் வேறு வேலை. பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு மதிப்பெண் வினா 14, செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இதுவே 30. இரண்டு மதிப்பெண் வினாக்களில் மூன்றைச் சரியாகப் போட்டால் 35-ஐத் தாண்டிவிடலாம். ஆக, தடுமாறுகிற பிள்ளைக்கு முதலில் கிராஃப். அச்சு வரைவது, அளவுத்திட்டத்தை வலது மேல் மூலையில் எழுதுவது, புள்ளிகளைக் குறிப்பது, வளைவரையைக் கையால் இழுப்பது. நேர்மாறல், எதிர்மாறல் இரண்டையும் போடத் தெரிந்துகொண்ட ஒரு பையன், அதுவரை கணக்கு நோட்டே கொண்டு வராதவன், பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு முதல் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தான். தேர்ச்சிக்குத் தேவையானதை மட்டும் சொல்லிக் கொடுக்கிற இதை ‘மினிமம் மெட்டீரியல் கலாச்சாரம்’ என்று குறை சொல்கிறவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. 35 வாங்கியவன் பாலிடெக்னிக் முதல் வருஷக் கணக்கில் திணறுவான் என்பதும் உண்மை. ஆனாலும் மார்ச் மாதத்தில், அந்தப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கையில் இருப்பதா இல்லையா என்ற நிலையில், நான் கிராஃபைத்தான் எடுப்பேன். ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் வாசிப்பையும் பின்னத்தையும் எடுக்கிறேன். இரண்டும் செய்ய வேண்டியவைதான்.

பஸ் விஷயம் ஒன்று. சிறப்பு வகுப்பு எல்லாப் பள்ளியிலும் போல எங்களுக்கும் மாலையில்தான் இருந்தது. மலை அடிவாரக் கிராமங்களுக்குப் போகிற டவுன் பஸ், வகுப்பு முடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடும். அதனால் யாருக்காக வகுப்பு வைத்தோமோ அவர்கள் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற, ஓரளவு படிக்கிற பிள்ளைகள்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஊர்வாரியாகப் பிரித்து எழுதிப் பார்த்ததும் இது பளிச்சென்று தெரிந்தது. சிறப்பு வகுப்பை மதிய உணவுக்குப் பிறகான நேரத்துக்கும் காலைக்கும் மாற்றினோம். காலை பஸ் சீக்கிரம் வந்துவிடுவதால் அந்தக் கிராமத்துப் பிள்ளைகள்தான் முதலில் பள்ளிக்குள் நுழைகிறவர்கள். மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு பணிமனையில் மனுவும் கொடுத்தோம். பொதுத் தேர்வு மாதங்களில் அந்த நடையைக் கொஞ்சம் தள்ளி எடுக்க ஒத்துக்கொண்டார்கள். பள்ளிகள் நேரடியாக எழுதுவதை விட, 2022-ல் மறுகட்டமைப்பு செய்யப்பட்ட இந்தக் குழுக்களின் தீர்மானமாகப் போனால் சீக்கிரம் காது கொடுக்கிறார்கள் என்பது நான் கண்டது. தலைவி ஒரு பிள்ளையின் அம்மா. அவர் பேசும்போது அதிகாரிகளும் நிதானமாகக் கேட்கிறார்கள்.

இப்படி விவரம் சேர்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதி விவரமும் வீட்டு விவரமும் பிள்ளையின் அந்தரங்கம். “உதவித்தொகைக்கு எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திருங்க” என்று வகுப்பில் கேட்கிற குரலை நான் படிக்கிற காலத்திலேயே கேட்டிருக்கிறேன், இன்னும் ஓயவில்லை. 2023-ல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் எதுவும் இருக்கக் கூடாது, ஆசிரியர்கள் சாதியைச் சொல்லி மாணவரை அழைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. என் பட்டியல் பீரோவில் பூட்டி இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் போடுவதில்லை. அ, ஆ, இ, ஈ என்று எழுத்தாக வைத்திருப்பதும், யாராவது எட்டிப் பார்த்தால் புரியக் கூடாது என்பதற்குத்தான். உதவித்தொகைக்குப் பெயர் வேண்டுமென்றால் எமிஸிலேயே எடுத்துவிடலாம், பிள்ளையை எழுப்பிக் கேட்கத் தேவையே இல்லை. சான்றிதழ் இல்லாதவர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். பழங்குடிச் சான்றிதழை கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அது நாள் பிடிக்கும்; ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்க வைத்துவிடுவது நல்லது.

மாவட்ட ஒப்பீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஆய்வுக் கூட்டத்தில் அடிக்கடி வருவது. 2024 பத்தாம் வகுப்பில் அரியலூர் 97.31 சதவீதத்தோடு முதலிடம். அடுத்து சிவகங்கை, ராமநாதபுரம். பின்தங்கியவை என்று நாம் சொல்லிப் பழகிய மாவட்டங்கள் இவை. கடைசி இடத்தில் இருந்த வேலூர் 82.07. பணக்கார மாவட்டம் மேலே, ஏழை மாவட்டம் கீழே என்ற கணக்கு இங்கே நிற்கவில்லை. ஏழ்மைதான் காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிட முடியாது என்பதற்கு எனக்கு அந்த ஒரு பட்டியல் போதும்.

புதிதாக இதைச் செய்ய நினைக்கிற ஆசிரியர்கள், எல்லாக் கட்டத்தையும் ஒரே வருஷத்தில் போட முயல வேண்டாம். ‘வீட்டில் யார்’, மாதவாரி வருகை, வாசிப்பு, இந்த மூன்றே போதும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத பட்டியலாக இருந்தால்தான் மற்ற ஆசிரியர்களும் பார்ப்பார்கள்.

ஃபெயில் ஆனவர்களுக்கு மட்டும் காத்திருக்க நேரம் கிடையாது. ரிசல்ட் வந்த சில நாளிலேயே துணைத்தேர்வுக்குப் பதிவு தொடங்கிவிடும். தேர்வு ஜூலை வாக்கில். அதில் தேறிவிட்டால் அதே வருஷம் பிளஸ் ஒன் சேரலாம். கோடை விடுமுறை என்பதால் பள்ளிக்கு யாரும் வரமாட்டார்கள், வெட்கத்தில் ஒளிந்துகொண்டிருப்பார்கள், சிலர் அதற்குள் பெங்களூருக்கு பஸ் ஏறியிருப்பார்கள். நாங்கள் ரிசல்ட் அன்று மதியமே பெயர்களை ஊர்வாரியாகப் பிரித்து, ஆளுக்கு ஓர் ஊர் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். கையில் எடுத்துப் போவது எத்தனை பாடம், எத்தனை மதிப்பெண் குறைவு என்ற விவரமும், பதிவுக்குக் கடைசித் தேதியும். கட்டணத்தைப் பெரும்பாலும் ஆசிரியர்களே போட்டுவிடுவோம். ஜூன் முதல் வாரத்திலிருந்து காலையில் இரண்டு மணி நேரம், கணக்கும் அறிவியலும்.